கல்தச்சரின் விரல்கள்

ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகரமாகிய எடின்பரோவில், 1767ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த திட்டத்தின்படி எழுந்த புது நகரத்தைக் கண்டவர்கள், அதன் நேரான வீதிகளையும், மழையிலும் பனியிலும் நனைந்து நனைந்தும் விளிம்பு மழுங்காமல் நிற்கும் தூண்களையும் பார்த்து அதிசயிக்காமல் திரும்புவதில்லை. அந்தக் கட்டடங்கள் பலவற்றுக்கும் கல் கொடுத்தது நகரத்துக்கு மேற்கே இருந்த கிரெய்க்லீத் என்னும் கல்லுவாரி. அங்கே கிடைத்த மணற்கல் மிக நெருக்கமான மணியுடையது. சுலபத்தில் உளிக்கு இணங்காதது. ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா என்னும் படிகப் பொருளாலேயே ஆனது. காற்றும் மழையும் அரிக்க முடியாத அந்தக் கல்லைச் சதுரமாக்கி மெருகேற்றுவதற்காக, தென்றலும் வெயிலும் அபூர்வமான அந்த ஊரில், நாற்புறமும் அடைத்த கொட்டகைகளுக்குள்ளே உட்கார்ந்து நாளெல்லாம் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்த கல்தச்சர்களைப் பற்றி, நகரத்தின் அழகை வர்ணித்தவர்களில் அநேகர் ஒரு வரியும் எழுதவில்லை.

எழுதியவர்கள் வைத்தியர்கள். வில்லியம் பல்ட்னி அலிசன் என்ற எடின்பரோ வைத்தியர் 1824ஆம் ஆண்டிலேயே, இந்நகரத்தில் இடைவிடாமல் கல் செதுக்கும் தொழிலில் இருப்பவன் காசம் போன்ற குறிகள் இல்லாமல் ஐம்பது வயதை எட்டுவது அருமையிலும் அருமை என்று பதிவு செய்தார். அதே ஆண்டில் கிராமார்ட்டி என்ற கடலோர ஊரிலிருந்து வேலை தேடி எடின்பரோவுக்கு வந்த ஹியூ மில்லர் என்ற இளம் கல்தச்சர், அங்கே தம்முடைய சுவாசப்பையைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்; பிற்காலத்தில் அவர் பூகர்ப்ப சாஸ்திரத்திலும் எழுத்திலும் பெரும் புகழ் பெற்றவராதலால், தம் தோழர்கள் எப்படி நாற்பது வயதுக்குள் ஒருவர் பின் ஒருவராய் உதிர்ந்தார்கள் என்பதைச் சுயசரித்திரத்தில் எழுதி வைக்க முடிந்தது. உடன் வேலை செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கல்தூசி சுவாசப்பையைக் கெடுக்கும் என்பது அப்போதே பழைய செய்திதான். 1556இல் வெளிவந்த சுரங்கத் தொழில் நூலில் ஜார்ஜியஸ் அக்ரிகோலா, கார்ப்பாத்திய மலைப் பிரதேசத்துச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை மணந்து ஏழு பேரையும் க்ஷயத்துக்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாகக் குறித்திருக்கிறார். 1700இல் இத்தாலியின் மோதேனா நகரத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளிகளின் வியாதிகளுக்கென்றே ஒரு நூல் செய்தபோது கல்வெட்டிகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இறந்த கல்வெட்டிகளின் சுவாசப்பையை அறுத்தபோது கத்தி மணலில் ஓடுவதுபோல் நறநறத்தது என்று டச்சு வைத்தியர் டீமர்புரூக் சொன்னதை அதில் எடுத்துக்காட்டினார். நோயாளியிடம் வைத்தியன் கேட்கவேண்டியவை என்று ஹிப்பாகிரட்டீஸ் காலத்திலிருந்து வழங்கிவந்த கேள்விகளோடு, ‘நீ செய்யும் தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவரும் அவரே.

ஆனால் நான் சொல்லவந்தது சுவாசப்பையின் கதை அல்ல. அந்தக் கதைக்குப் பின்னால், அதன் நிழலிலேயே மறைந்து, வெகுகாலம் யார் கண்ணிலும் சரியாகப் படாமல் நடந்துவந்த இன்னொரு கதை.

1914ஆம் ஆண்டு, எடின்பரோவின் புகழ்பெற்ற வைத்தியர் சர் பைரம் பிராம்வெல், அவ்வூர் மருத்துவப் பத்திரிகையில் ஸ்கிளீரோடெர்மா என்னும் அபூர்வ வியாதியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தோல் இறுகும் நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம். முதலில் விரல் நுனிகள் குளிரில் வெளுத்து, நீலம் பாரித்து, மரத்துப்போகும். பின்பு கைத்தோல் தடித்து மினுமினுத்து எலும்போடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். முகத்தோல் இறுகி, வாய் திறப்பதும் சிரிப்பதும் பிரயாசையாகும். சிலருக்கு உணவுக்குழாய், சுவாசப்பை, சிறுநீரகம் என்று உள்ளே உள்ள உறுப்புகளும் அவ்வாறே விறைத்துப்போகும். பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருவது இதன் இயல்பு. பிராம்வெல்லிடம் வந்த நோயாளிகள் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் கல்தச்சர்கள்.

இந்த எண்ணிக்கையில் உள்ள விசித்திரத்தை அவர் உணராமல் இல்லை. பெண்களின் வியாதி என்று கருதத்தக்க ஒன்று, ஆண்கள் மட்டுமே செய்யும் ஒரு தொழிலில் வந்து குவிந்திருக்கிறதென்றால் தொழிலுக்கும் வியாதிக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று அவர் யூகித்தார். யூகம் சரி, காரணம்தான் தவறு. குளிர்காலத்தில் பனியாய்க் குளிர்ந்த இரும்பு உளியை மணிக்கணக்காக இறுகப் பிடித்திருப்பதால் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து இந்நோய் உண்டாகிறது என்று அவர் முடிவு கட்டினார். குளிரில் விரல் வெளுக்கும் குறியை மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862இலேயே விவரித்துத் தம் பெயரை அதற்குக் கொடுத்திருந்தார். அந்தக் குறியும் இந்நோயின் முன்னோடியாக வருவது வழக்கம். ஆகவே பிராம்வெல் செய்த ஊகத்தை நகைப்பது நியாயமாகாது. நோய் கையில் தெரிந்தது, கையில் உளி இருந்தது, உளி குளிர்ந்திருந்தது. மூக்கின் வழியாய் உள்ளே போனது விரலில் வந்து வெளிப்படும் என்று எண்ணுவதற்கு அந்தக் காலத்து வைத்திய சாஸ்திரத்தில் இடமே இல்லை.

அந்த இடத்தை அடைத்து வைத்திருந்தவர் சாமானியர் அல்லர். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் பால் எர்லிக், மார்கன்ராத் என்ற தம் துணைவரோடு சேர்ந்து 1900ஆம் ஆண்டையொட்டி வெள்ளாடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் ஆட்டின் ரத்தத்தை மற்றோர் ஆட்டின் உடம்பில் செலுத்தினால், அந்த இரண்டாம் ஆடு வந்து சேர்ந்த ரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கிற்று. ஆனால் அந்த எதிர்ப்பொருள் அதன் சொந்த ரத்தத்தைத் தொடவே இல்லை. தன் சரீரத்தைத் தானே தாக்குவதற்கு உயிருக்கு இயற்கையாகவே ஓர் அருவருப்பு இருக்கிறது என்று எர்லிக் இதற்கு வியாக்கியானம் செய்து, ‘ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்’ என்று லத்தீனில் பெயரும் சூட்டினார். அவர் சொன்னதைக் கவனமாகப் படித்தால், அத்தகைய எதிர்ப்பொருள் உண்டாகவே உண்டாகாது என்று அவர் சாதிக்கவில்லை என்பதும், அதன் தீமையைத் தடுக்கும் உபாயங்கள் உடம்பில் இருக்கவேண்டும் என்றே அவர் நினைத்தார் என்பதும் தெரியும். ஆனால் 1908இல் நோபல் பரிசு பெற்ற ஒருவரின் வாக்கைப் பின்வந்தவர்கள் அத்தனை நுட்பமாகப் படிப்பதில்லை. குருவின் எச்சரிக்கை சிஷ்யர்கள் கையில் சட்டமாகிவிட்டது. 1904இலேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களைத் தானே உடைத்து ரத்தச் சிவப்பாகச் சிறுநீர் கழிக்கும் நோயாளிகளிடம் அப்படிப்பட்ட எதிர்ப்பொருளைக் கண்டு காட்டியும், அதை ஒரு விதிவிலக்கென்று மூலையில் வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு காலம் அப்படியே கழிந்தது.

இந்த இடைவேளையில் தூசி மட்டும் நிற்கவில்லை. தென் ஆப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் 1886இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே தங்கம், சிலிக்காவாலேயே ஆன வெங்கச்சங்கல்லோடு பிணைந்து, பூமிக்கு வெகு ஆழத்தில் கிடந்தது. அதை எடுப்பதற்குக் காற்றழுத்தத்தால் ஓடும் துளையிடும் யந்திரங்கள் வந்தன. உளியும் சுத்தியும் ஒரு நாளில் கிளப்பிய தூசியை அந்த யந்திரம் ஒரு நாழிகையில் கிளப்பிற்று. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் போன சுரங்கக்காரர்கள் சில ஆண்டுகளில் இளைத்து இருமிக்கொண்டு ஊர் திரும்பி மடிந்தார்கள். போயர் யுத்தம் முடிந்த 1902இல் இதை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1911இல் சட்டமும் வந்தது. நஷ்ட ஈடு கொடுக்கவேண்டுமானால் பரிசோதனை வேண்டும். பரிசோதனை வேண்டுமானால் மார்புப் படமும் ஏடும் வேண்டும். இவ்விதமாக, வேறு எந்தத் தொழிலிலும் இல்லாதபடி, சுரங்கத் தொழிலாளியின் உடம்பைப் பற்றிய குறிப்புகள் அலமாரி அலமாரியாகச் சேர்ந்தன. வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த பரிசோதனையும் ஈட்டுத்தொகையும் கறுப்புத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை என்ற கறையும் அந்த ஏடுகளில் சேர்ந்தே இருக்கிறது. அவற்றின் துணையோடுதான் எராஸ்மஸ் என்ற வைத்தியர் 1957இல், தங்கச் சுரங்கக்காரர்களிடையே தோல் இறுகும் நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்படுகிறது என்று எழுதினார். தென் ஆப்பிரிக்காவின் சுரங்கத்தில் பனிக்குளிர் உளி ஏது? பூமியின் அந்த ஆழத்தில் பாறையே சுடும். பிராம்வெல்லின் குளிர் வாதம் அங்கே தானாக உதிர்ந்து போயிற்று, எஞ்சியது தூசி.

இதற்கு நாலு வருஷம் முன்பு, 1953இல், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கு ஈட்டுத்தொகை நிர்ணயிக்கும் குழுவில் இருந்த ஆன்தனி கேப்லன் என்ற வைத்தியர் வேறொரு புதிரைக் கண்டார். சில தொழிலாளிகளின் மார்புப் படத்தில், வழக்கமான தூசி நோயின் நிழல்களுக்குப் பதிலாக, உருண்டையான பெரிய நிழல்கள் தெளிந்த விளிம்புகளோடு தென்பட்டன. அப்படிப்பட்டவர்களில் அநேகர் முடக்குவாதத்தால் கைமூட்டுகள் வீங்கி வருந்துகிறவர்களாகவும் இருந்தார்கள். மூட்டுக்கும் சுவாசப்பைக்கும் என்ன உறவு? முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில், தம் சொந்தப் புரதத்தையே பற்றிக்கொள்ளும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறது என்று நார்வே நாட்டு எரிக் வாலர் 1940இல் காட்டியிருந்தது இந்தச் சமயத்தில்தான் பொருள் பெறத் தொடங்கிற்று. ஈட்டுத்தொகை கணக்கிடும் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஆராய்ச்சிச் சாலைகளில் இருந்தவர்கள் தேடிக்கொண்டிருந்த உறவை மார்புப் படத்தில் பார்த்துவிட்டார் என்பது எனக்கு எப்போதும் ருசியான செய்தி.

ஆராய்ச்சிச் சாலைகளிலும் விடிந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் எர்னஸ்ட் விட்டப்ஸ்கி என்ற அறிஞர் இருந்தார். ஜெர்மனியில் எர்லிக்கின் பாரம்பரியத்தில் பயின்று, ஹிட்லர் ஆட்சியில் தேசத்தை விட்டு வந்தவர். குருவின் வாக்கில் மிகுந்த பக்தியுடையவர். அவரிடம் உதவியாளராக இருந்த இளைஞர் நோயல் ரோஸ், முயலின் கண்டச் சுரப்பியாகிய தைராய்டிலிருந்து எடுத்த புரதத்தை முயலுக்கே செலுத்தியபோது, அந்த முயல் தன் தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, சுரப்பியைச் சிதைத்துக்கொண்டது. திரும்பத் திரும்பச் சோதித்துத் திருப்தியடைந்த பிறகே 1956இல் அதை அச்சேற்றினார்கள். அதே 1956இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், தைராய்டைப் பற்றும் ஹாஷிமோட்டோ நோய் கண்ட மனிதர்களின் ரத்தத்திலேயே அத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அந்த நோயை ஹாஷிமோட்டோ ஹகாரு என்ற ஜப்பானிய வைத்தியர் நான்கு பெண்களிடம் கண்டு 1912இல் எழுதியிருந்தார். நாற்பத்து நான்கு வருஷம் காரணம் தெரியாமல் கிடந்தது அது. சரீரம் தன்னைத் தானே தாக்கும் என்பது அதன்பின் விவாதத்துக்குரிய விஷயமாக இல்லை.

இனிக் கல்தச்சனுடைய தூசிக்குத் திரும்புவோம். சுவாசப்பையின் நுண்ணறைகளில், உள்ளே வரும் அந்நியப் பொருள்களை விழுங்கிச் செரிக்கும் அணுக்கள் காவல் காக்கின்றன. விழுங்கும் அணுக்களைப் பற்றி முதலில் சொன்னவர், எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மெச்னிகாஃப். கிருமியை விழுங்கினால் செரித்துவிடும் அந்த அணு, சிலிக்காத் துகளை விழுங்கினால் திகைக்கிறது. கல்லைச் செரிக்க அதனால் ஆவதில்லை. துகளின் கூரிய முகங்கள் அணுவின் உள்ளே இருக்கும் செரிமானப் பைகளைக் கிழிக்கின்றன. பையிலிருந்த திராவகம் அணுவையே கொல்லுகிறது. இந்தக் கிழிசல் எப்படி அபாய அறிவிப்பாக மாறி அழற்சியை மூட்டுகிறது என்பதை 2008இல் பல ஆராய்ச்சிக் குழுக்கள் விளக்கின. செத்த அணுவிலிருந்து துகள் மறுபடியும் வெளியே வருகிறது, வேறோர் அணு அதை விழுங்குகிறது, அதுவும் சாகிறது. தொழிலை விட்டு இருபது வருஷமானாலும் இந்தச் சக்கரம் நிற்பதில்லை. செத்த அணுக்களின் கருவிலிருந்து சிதறும் பொருள்கள், சாதாரணமாக எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாதவை, ஓயாத அழற்சியின் நடுவே மீண்டும் மீண்டும் அதன் எதிரில் வந்து விழுகின்றன. தன்னைத் தாக்கும் இயல்புள்ள அணுக்கள் நம் எல்லாருடைய உடம்பிலும் சில உண்டு. அவற்றைப் பிள்ளைப் பிராயத்திலேயே கழித்தும், எஞ்சியவற்றை அடக்கியும் வைக்கிற கட்டுப்பாடு இந்த நெடுநாள் கலவரத்தில் தளர்கிறது. பின்பு எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஓடி, ஒருவனுக்கு விரல் தோலிலும், ஒருவனுக்கு முழங்கால் மூட்டிலும், வேறொருவனுக்குச் சிறுநீரகத்திலும் போய் வேலை செய்கிறது. பிராம்வெல் தேடிய வழி இதுதான்: மூக்கிலிருந்து விரலுக்கு.

அப்படியானால் கல் உடைத்த எல்லாருக்கும் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். முடக்குவாதத்தை எடுத்துக்கொண்டால், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு அது வந்திருக்கும்போது மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குத்தான். ஆகவே பிறப்பில் வந்தது மட்டும் போதாது. ஆனால் குறிப்பிட்ட ஒருவகை மரபணு உடையவர்களுக்கு அபாயம் அதிகம் என்பதும் நிச்சயம். புகைபிடிக்கிறவனுக்கு இன்னும் அதிகம்: புகை சுவாசப்பையில் உள்ள புரதங்களின் வடிவத்தைச் சற்றே மாற்றுகிறது, அந்த மாறிய வடிவத்தை அந்த மரபணுக்காரரின் உடம்பு அந்நியம் என்று பிழைபட எண்ணுகிறது என்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2006இல் விளக்கினார்கள். அதே தேசத்தில் கல்தூசியும் புகையும் சேர்ந்தவர்களைத் தனியே எண்ணிப் பார்த்தபோது, இரண்டில் ஒன்று மட்டும் உடையவர்களைக் காட்டிலும் அவர்கள் அதிகம் துன்புற்றது தெரிந்தது. வேறு நோய்களில் வேறு தூண்டுதல்கள் உண்டு. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றாதவர்களுக்கு நரம்புறையைத் தாக்கும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ அநேகமாக வருவதே இல்லை என்பது 2022இல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்தத்தை வருஷக்கணக்கில் சேமித்துச் சோதித்ததில் வெளியாயிற்று. பிறப்பு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. வருகிறவன் வெளியிலிருந்து வரவேண்டும். இந்த நோய்களை விதி என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுவே. விதியைத் திருத்த முடியாது. கல்லில் தண்ணீர் தெளிக்க முடியும்.

தமிழர்களுக்கு இந்தச் சரித்திரம் தூரத்துச் செய்தி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மைசூர் ராஜ்யத்துக் கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, கார்ன்வால் சுரங்கக்காரர்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். பாறையை உடைப்பதற்கு வட ஆற்காட்டிலிருந்தும் அதை அடுத்த மாவட்டங்களிலிருந்தும், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் போயின. அங்கும் தங்கம் வெங்கச்சங்கல்லில்தான் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிச் சென்றது. 1940களில் அங்கே நடந்த பரிசோதனைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு, சிலிக்காத் தூசியால் வரும் சுவாசப்பை நோயாகிய சிலிக்கோசிஸ் இருப்பது தெரியவந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. தென் ஆப்பிரிக்காவின் சுரங்கத் தொழிலாளிகளுக்கான ஈட்டுத்தொகைச் சட்டத்தில் சிலிக்கோசிஸோடு தோல் இறுகும் நோயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் தேசத்துச் சட்டப் பட்டியல்களில் சிலிக்கோசிஸ் இருக்கிறது, தோல் இறுகும் நோயின் பெயர் இல்லை. சட்டம் சுவாசப்பையோடு நின்றுவிட்டது, தூசி நிற்கவில்லை.

இப்போது சுரங்கத்தைவிடச் சமையலறை பெரிதாகிவிட்டது. நொறுக்கிய வெங்கச்சங்கல்லைப் பிசினில் பிசைந்து அழுத்திப் பலகையாக்கிய செயற்கைக் கல் சமையல் மேடைகளுக்காக உலகெங்கும் விற்பனையாகிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேலும் சிலிக்கா இருப்பதுண்டு. அதை அறுத்துப் பொருத்தும் தொழிலாளிகளில் 25 பேருக்கு நேர்ந்த சுவாசப்பை நோயைப் பற்றி 2012இல் இஸ்ரேல் வைத்தியர்கள் எழுதினார்கள். பின்பு அப்படிப்பட்ட தொழிலாளிகளிடம் முடக்குவாதமும் தோல் இறுகும் நோயும் கூடக் காணப்பட்டன. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் கருங்கல்லில் சிலிக்கா வகைக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் இருக்குமே தவிர, பெரும்பாலான வகைகளில் இல்லாமல் போவதில்லை. கைச்சக்கரத்தால் உலர அறுக்கும்போது எழும் வெண்புகை அதுதான்.

அடுத்த முறை உங்கள் வீட்டு மேடைக்குக் கல் அறுக்க ஆள் வரும்போது, அறுக்கும் சக்கரத்தின் வாயில் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால், வேலை ஒரு மணி நேரம் தாமதமானாலும் பாதகமில்லை, தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். குழாய்க்கும் முகமூடிக்கும் ஆகும் செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.